சிவப்பு விளக்கும் சமநீதியும்

பிரித்தானியாவில், வீதி திருத்துமிடங்களில் ஒற்றைவழியின் இரு முனைகளிலும் தற்காலிகச் சமிக்ஞை விளக்குகளை நாட்டுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் துவிச்சக்கர வண்டிக்காரனுக்கும் மோட்டார்காரனுக்கும் ஒரே சிவப்பையே காட்டுகிறது. சமத்துவந்தானே என்பீர்கள். ஆனால், இரு புறமும் சிவப்பெரியும் அந்த இடைவேளையை மோட்டாரின் வேகத்துக்கே அளந்துவிட்டால்? பச்சையிற் புறப்பட்டு, மேட்டில் மூச்சிரைக்க மிதிப்பவன் பாதிவழி கடக்குமுன்னரே எதிர்வரிசை கிளம்பிவிடுகிறது. வாகனத்தை உணருங் கருவியும் சிலவேளை அவனை வாகனமாகக் கணிப்பதில்லை, நின்றால் நின்றபடிதான்! இதனாற் சிலர் சிவப்பிலேயே நுழைகின்றனர். எதிரே வருபவனும் பச்சையை நம்பியே வருகிறான். ஆகவே அதை நான் நியாயப்படுத்தேன். இறங்கி, நடைபாதையில் வண்டியை உருட்டிச் செல்லலாம். ஆயினும், நேரத்தைக் கணித்தவனை எவரும் குற்றவாளி என்பதில்லையே, ஏன்? சில விநாடிகள் கூட்டினாற் போதும். மோட்டார்காரன் பொறுத்திருப்பான், அல்லது ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும்.