கவனித்ததும் குற்றமா?

2024ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘தி லக்கியஸ்ட் மேன் இன் அமெரிக்கா’ படம், 40 ஆண்டு பழைய வழக்கு ஒன்றை மறுபடியும் மக்கள் மன்றத்தில் நிறுத்தியிருக்கிறது. வழக்கின் நாயகர் மைக்கேல் லார்சன். அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்களே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

ஓஹாயோ மாநிலத்து லெபனான் என்ற ஊரில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர் அவர். 1984 மே மாதம், சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘பிரஸ் யுவர் லக்’ போட்டியில் கலந்துகொண்டார். கேள்விக்குச் சரியான விடை சொன்னால் பலகையில் ஆட வாய்ப்பு கிடைக்கும். பலகையில் 18 கட்டங்கள். அவற்றின்மேல் வெளிச்சம் தாவிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் நிற்கும். நிற்கும் கட்டத்தில் பணம் இருந்தால் ஆதாயம். ‘வாமி’ என்ற குட்டிச் சாத்தான் இருந்தால் அதுவரை சேர்த்த அத்தனையும் போய்விடும். வெளிச்சம் தாறுமாறாக ஓடுகிறது என்றே பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். லார்சன் நம்பவில்லை. நிகழ்ச்சியை வீடியோவில் பதிவுசெய்து, காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வெளிச்சம் ஐந்தே தடங்களில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். நான்காவது, எட்டாவது கட்டங்களில் வாமி வருவதே இல்லை. பணமும் கூடவே இன்னொரு வாய்ப்பும்தான் வரும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

போன இடத்தில் முதல் ஆட்டமே வாமியில் விழுந்தது. அதன் பிறகுதான் கண்ணும் கையும் ஒத்துவந்தன. பொத்தானை அழுத்திய மறுகணமே, எந்தக் கட்டம் என்று மற்றவர்கள் பார்ப்பதற்குள், அவர் கைகளை உயர்த்திக் கொண்டாடத் தொடங்கியதைப் பழைய பதிவில் இன்றும் காணலாம். தொடர்ந்து 40 முறைக்கு மேல் வாமி வரவில்லை. வென்றது 1,10,237 டாலர். ஒரு முறை வாமியில் விழுந்திருந்தாலும் அதுவரை சேர்த்த அத்தனையும் போயிருக்கும்.

இதில் அறம் எங்கே பிழைத்தது? நளன் கதையை எண்ணிப் பார்ப்போம். சூதில் நாடிழந்த நளன், ஒரு தான்றி மரத்தடியில் இருதுபன்னன் என்ற மன்னனிடம் எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் கற்றான். கற்ற பிறகே, தன் நாட்டை வென்ற புட்கரனை மறுபடி ஆட்டத்துக்கு அழைத்தான், வென்றான். அதை வஞ்சகம் என்று நம் மரபில் யாரும் சொன்னதில்லை. வஞ்சகன் என்ற பெயர் சகுனிக்கே போனது. ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், ஊழ் கைவிட்டாலும் முயற்சி தன் கூலியைத் தந்தே தீரும் என்கிறார். அவரே சூதையும் கடிந்தாரே என்பார்கள். தன் அறிவைக் காயின் காலடியில் வைத்துவிட்டவனைத்தான் அவர் கடிந்தார். லார்சன் செய்தது நேர் எதிரானது: அதிர்ஷ்டத்தை நம்பமாட்டேன் என்று உட்கார்ந்து உழைத்தார்.

சூதாட்டத்துக்கு ஓர் அத்தியட்சகரை நியமித்த கௌடில்யர், காய்களைக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டார். காய் ஒழுங்காக இருக்கவேண்டிய கடமை களம் நடத்துபவருடையது. இங்கே காயைக் கொடுத்தது யார்? ஐந்து தடங்களை வைத்துக்கொண்டு அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் சூட்டியது யார்?

உடன் ஆடிய இருவர் பாவம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அலெக்சாந்திரியாவிலிருந்து பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வணிகன், பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை மறைக்கலாமா என்று ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ ஆராய்ந்தார். மறைக்கக் கூடாது என்றே முடித்தார். ஆனால் அந்த வணிகன் தன்னை நம்பி வாங்க வந்தவர்களிடம் மறைத்தான். போட்டியாளருக்குத் தன் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் கடன் யாருக்கும் கிடையாது. மறைத்தவரைத்தான் தேடுகிறோம் என்றால், சிசரோவின் விரல் பலகை செய்தவர்களை நோக்கியே நீளும்.

உண்மையான மோசடி எப்படி இருக்கும் என்பதும் அமெரிக்காவுக்குத் தெரியாததல்ல. 1950களில் ‘ட்வென்டி ஒன்’ போட்டியில் சார்லஸ் வான் டோரனுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன. 1959இல் அவர் நாடாளுமன்றக் குழுவின்முன் அதை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அத்தகைய ஏற்பாட்டைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. லார்சனுக்கு எவரும் விடை தரவில்லை. அவர் பார்த்தது வீடுதோறும் ஒளிபரப்பான காட்சியை. படிக்கிற பிள்ளைக்கு நாம் தினமும் சொல்வது கவனி, மறுபடி பார், மனத்தில் வை என்பதைத்தானே? அதைச் செய்துகாட்டியவரைத் தூற்றினால் பிள்ளைகள் நம்மிடம் என்ன கற்பார்கள்?

லார்சன் பின்னாளில் பணத்தை இழந்தார், லாட்டரி மோசடி ஒன்றில் விசாரணைக்கு ஆளாகி ஊரைவிட்டே ஓடினார், 1999இல் இறந்தார். தீய வழியில் வந்தது நிலைக்கவில்லை என்று இதைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. பிற்காலத்து மோசடி குற்றமே. அதற்கு எந்த வாதமும் இல்லை. அதற்கான தண்டனையை 1984ஆம் ஆண்டின் அந்த ஒரு நாள் ஆட்டத்தின்மீது சுமத்துவது நீதியல்ல. சிபிஎஸ் அதிகாரிகளே பதிவை அலசிப் பார்த்தார்கள். மீறிய விதி ஒன்றும் அகப்படவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, பலகையின் தடங்களைக் கூட்டினார்கள்.