மஞ்சள்தூள் அடைத்த ஓட்டை

கீழவைப்பாரில் என் சித்தப்பா 12 வருடம் மீன் லோடு அடித்த டீசல் பிக்கப்பைப் போன வருடம் விற்றார். லீவில் ஊருக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன். நான் வாயைத் திறந்ததால் விலையில் 15,000 ரூபாய் குறைந்தது. நஷ்டம் எனக்கல்ல, அவருக்கு. உண்மை பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அடுத்தவர் காசில் உண்மை பேசலாமா என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் பேசியதில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வந்து காற்றில் விட வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை கொதிக்காமல் இருக்கும். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சின்ன வால்வு. 82 டிகிரி வாக்கில் மெழுகு இளகி வழி திறக்கும். அதுவரை இன்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது.

வைப்பாறு கடலில் சேரும் ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. ரேடியேட்டர் தகடுகள் கை பட்டாலே உதிரும். இன்னொன்று போர் தண்ணி. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் அதை ஊற்றினால், சோறு வடிக்கிற பானை அடியில் படிவதுபோல உள்ளே வெள்ளையாகப் படிந்து குழாய்களை அடைக்கும். அலுமினியத்தையும் அரிக்கும். சித்தப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தருவைகுளம், தூத்துக்குடி விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது லோடு எங்கிருந்து வரும்? கூலன்ட் கேன் வாங்குகிற காசில் வீட்டுக்கு அரிசி வாங்கலாம். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் இரண்டு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டு அடைத்தார். சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார்.

மஞ்சள்தூள் உண்மையிலேயே வேலை செய்யும். தண்ணீரோடு ஓடி, ஒழுகும் இடத்தில் போய் உட்கார்ந்து அடைக்கும். ஆனால் எது ஓட்டை, எது வழி என்று அதற்குத் தெரியாது. நல்ல குழாய்களிலும் உட்காரும். முழு லோடோடு போன ஒரு மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி கொதித்து நின்றது. பின்னால் பெட்டி பெட்டியாக ஐஸ். நான்தான் கேனில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

வாங்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காலை ஆறு மணி. டயரை, கிளட்சைப் பார்த்தான். காலி வண்டியை ஊர் எல்லை வரை ஓட்டிவிட்டு வந்தான். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் அந்தக் குளிர்ச்சியில் சூடேறவே இல்லை, முள் கீழேயே கிடந்தது.

"ஹீட் ஏறுமா அண்ணாச்சி?"

"இந்த ஊரு வெயில்ல எந்த வண்டி தம்பி ஹீட் ஏறாது?"

சித்தப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பையன் தலையாட்டினான். அப்போதுதான் சொன்னேன்: "ரேடியேட்டர்ல ஓட்டை இருக்கு. மஞ்சத்தூள் போட்டு அடைச்சிருக்கு. தெர்மோஸ்டாட்டும் இல்ல. லோடு ஏத்துறதுக்கு முன்னால ரெண்டையும் பாத்துருங்க."

இது பழைய வழக்கு. ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-ல் தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதை விசாரிக்கிறார். பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா? சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை என்கிறார் டயோஜெனிஸ். (பீப்பாயில் வாழ்ந்தவர் அல்ல, பாபிலோன்காரர்.) அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். சும்மா இருப்பது வேறு. வாங்குபவனுக்குத் தெரிந்தாக வேண்டியதை உன் லாபத்துக்காக அவனிடமிருந்து மறைத்து வைப்பது வேறு.

எனக்கு அந்தப் பிரிவினை உதவுகிறது. தேய்ந்த டயர் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அதைச் சொல்லாமல் விட்டால் பெரிய பாவமில்லை. மஞ்சள்தூள் அப்படி இல்லை. ஒழுகுவதுதான் வண்டி சொல்கிற உண்மை. அதன் வாயை நாம் அடைத்திருக்கிறோம். அடைத்தவர்கள்தான் அதற்குப் பதிலாகப் பேச வேண்டும்.

இப்படி எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் வேலை செய்யும் ஒரு சர்வரில் மெமரி லீக் உண்டு. காரணத்தைத் தேட நேரமில்லாமல், தினமும் ராத்திரி 2 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுவும் மஞ்சள்தூள்தான்.

பையன் போன பிறகு சித்தப்பா கேட்டார்: "ஏல, நீ நல்லவன்னு பேரு வாங்குறதுக்கு என் துட்டுதான் கெடைச்சுதா?"

சிசரோவிடம் இதற்குப் பதில் இல்லை. அவருடைய வணிகன் தன் சொந்தத் தானியத்தைத்தான் விற்கிறான். மறுநாள் 15,000 ரூபாயைச் சித்தப்பா கணக்கில் போட்டேன். அதே வாரம் சித்தி கையில் கொடுத்தனுப்பிவிட்டார். காசைக் கொடுத்தால் கணக்கு தீரும் என்று நினைத்திருந்தேன். அவருக்குப் போனது காசு மட்டுமில்லை, வாங்க வந்தவன் முன்னால் இருந்த மதிப்பும்தான்.

சொன்னது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அந்தப் பையன் ராத்திரி லோடோடு நடுரோட்டில் நின்றிருப்பான். ஆனால் சொன்ன நேரம் தப்பு. முந்தைய நாள் ராத்திரி சித்தப்பாவும் நானும் திண்ணையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதே கேட்டிருக்கலாம். ஒன்று ரேடியேட்டரை மாற்றியிருப்போம், இல்லாவிட்டால் விலையை அவரே குறைத்து, காரணத்தையும் அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். மனஸ்தாபம் வேண்டாமே என்று நான்தான் பேச்சை மாற்றினேன். வாங்குபவன் முன்னால் தைரியம் வந்தவனுக்குத் திண்ணையில் வரவில்லை.

சித்தப்பாவின் முன்னங்கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. சின்ன வயதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் வண்டிப் பாடம் அதைக் காட்டித்தான்: "இன்ஜின் சூட்டுல மூடியத் தொறக்காத. ஆறுனப்பறம் தொற, இல்ல ஏறுறதுக்கு முன்னாலயே பாத்துரு."