தூய நீரும் கறை சுமந்த மண்ணும்

களிமண்ணைக் காட்டிலும் எளிய பொருள் ஒன்று உண்டோ? குயவன் அதனைப் பாண்டமாக்குகிறான். உழவன் அதனைக் கொண்டு வரப்பு கட்டுகிறான். அதே களிமண்ணை அணுவுலைக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த அறிவியலார் நாடுகின்றனர். காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. பனையோலைச் சுவடி போல் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது களிமண். அவ்வேடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆதலின் சோடியம் போன்ற நேர்மின் அயனிகளைத் தம்மிடையே பிடித்து வைத்திருக்கும். கதிரியக்கச் சீசியம் கரைந்த நீர் ஊடே செல்லுங்கால், சோடியம் இடம் பெயர்ந்து நீரோடு போய்விட, சீசியம் ஏட்டிடையே தங்கிவிடுகிறது. களிமண்ணின் உறவுப் பொருளான சியோலைட்டும் தன் நுண்துளைகளில் இதே பணியைச் செய்கிறது.

நீர் தூய்மையாயிற்று. சீசியமோ அழியவில்லை; இடம் மாறியது, அவ்வளவே. அதன் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள், ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும்.

சப்பானின் புகுசிமாவில் 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை அணுவுலைகளைச் சிதைத்தபோது, கட்டடங்களின் அடித்தளங்களில் கதிரியக்க நீர் தேங்கியது. அவசரத்தில் சியோலைட் நிரப்பிய மூட்டைகளை ஊழியர் அடித்தளங்களில் அடுக்கினர். மூட்டைகள் தம் கடமையைச் செவ்வனே செய்தன. செய்ததன் பயனாக, சில மணி நேரம் அருகில் நிற்பவர் உயிர் பிழைக்க இயலாத அளவுக்குக் கதிர்வீச்சை அவை ஏற்றுக்கொண்டன.

லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தில், மக்களின் பாவங்களைச் சுமத்திப் பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் ஆட்டுக்கடாவைக் காண்கிறோம். பாளையம் தூய்மையாகிறது, கடா என்ன ஆயிற்று என்று எவரும் தேடிச் செல்வதில்லை. கழிவைப் பொறுத்தமட்டில் நாம் அனைவருமே அந்தப் பாளையத்து மக்களாக வாழ்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டிய மறுகணமே வீடு தூய்மை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனம் வேறொன்றைக் கற்பிக்கிறது. திருடியவனுக்கு மன்னிப்பு உண்டு; திருடிய பொருளைத் திருப்பித் தரும் கடமையும் உண்டு. குற்றம் நீங்கிய பின்னும் பரிகாரம் எஞ்சுகிறது. அதனைச் செய்ய வேண்டியவன் குற்றம் செய்தவனே. இங்குதான் அணுக்கழிவு நம் மனச்சான்றை உறுத்துகிறது. மின்சாரத்தைத் துய்த்தவர் ஒரு தலைமுறையினர். கறை சுமந்த மண்ணை 300 ஆண்டுகள் காவல் காக்க வேண்டியவரோ பத்துத் தலைமுறையினர். அவர்களிடம் ஒப்புதல் கேட்க வழியில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தலைமுறைகளுக்கு இடையிலான நீதி குறித்து எழுதியது இத்தகைய கடனைப் பற்றியே.

அப்படியானால் நீரை அப்படியே விட்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். கூடாது. கடலளவு பரவக்கூடிய நஞ்சைச் சில கலங்களுக்குள் ஒடுக்குவது மீனவருக்கும் மீனுக்கும் செய்யும் அறச்செயலே. அப்பணியாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் களிமண்ணுக்கும் எல்லை உண்டு. ட்ரிட்டியம் என்பது ஐட்ரசனின் ஒரு வகை. நீரின் கூறாகவே மாறிவிடுவதால் எந்த மண்ணும் அதனைப் பிரித்தெடுக்காது. பிற நஞ்சுகளை வடிகட்டி, ட்ரிட்டியம் எஞ்சிய நீரை மிகுதியும் நீர்க்கச் செய்து 2023 ஆகத்து முதல் கடலில் விடுகின்றனர். மீனவர் சங்கங்கள் அதனை எதிர்த்தன.

என் தயக்கம் தூய்மைப்படுத்துவதைப் பற்றியதன்று; ‘தூய்மை’ என்ற சொல் தரும் துணிவைப் பற்றியது. துடைக்க வழியுண்டு என்று நம்புகிறவன் சிந்துவதற்கு அஞ்சுவதில்லை. சப்பானிய ஆயர்கள் 2011 நவம்பரிலேயே அணுமின் நிலையங்களை உடனே கைவிடுமாறு கோரினர். அம்முடிவை ஏற்காத நல்லோரும் உளர். ஆனால் கழிவைச் சுமப்பவர் யார் என்ற வினாவை அவர்களும் தட்டிக்கழிக்க இயலாது.

அடித்தளத்து மூட்டைகளைத் தொலைவிலிருந்து இயக்கும் எந்திரங்களால் சேகரிக்கும் பணி 2025இல் தொடங்கிற்று. அவற்றை அடுக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. எடுக்கத் தொடங்குவதற்கே 14 ஆண்டுகள் ஆயின. எடுத்தவற்றை இறுதியில் எந்த ஊரில் வைப்பது என்பது இனித்தான் முடிவாக வேண்டும்.