ஏதாவது கொடுங்கள், டாக்டர்!

சென்ற மாதம் ஒரு மாலை, நண்பர் ஒருவரைப் பார்க்க அவருடைய பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தேன். அவர் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் அல்ல. நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளைப் பார்க்கிற டாக்டர். "கதை எழுதுகிறவர் நீங்கள். இதில் ஒரு கதை இருக்கிறது, பாருங்கள்" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார்.

விஞ்ஞானப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கண்ணை வைத்ததும் ஏதோ பட்டுத் துணியின் துண்டு என்றுதான் நினைத்தேன். ரோஜா நிறத் தரையில் கத்தரிப்பூ நிறப் பொட்டுகள். சதைத் துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறார்கள். அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயம் ஏற்ற வேண்டும். ஹீமடாக்ஸிலின் என்பது மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுக்கிற சாயம். அது செல்லின் உட்கருவைப் பிடித்துக்கொண்டு நீலமாக்குகிறது. இயோசின் மற்ற இடங்களைச் சிவப்பாக்குகிறது. விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயராம் அது. சவத்தைப் போன்ற ஒரு பொருளுக்கு இவ்வளவு அழகான பெயரில் ஒரு சாயம்!

நடுவே சில செல்கள் மட்டும் நிறமே இல்லாமல் நீர்க்குமிழிகள் போல் இருந்தன. "சாயம் சரியாக ஏறவில்லையோ?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "தெளிந்த செல் என்று அதற்குப் பெயர். உள்ளே கிளைகோஜன் நிறைய இருந்தது. கண்ணாடித் தகட்டுக்கு வந்து சேர்வதற்குள் கரைந்துபோய்விட்டது. வெறுமையாகத் தெரிகிறதே ஒழிய வெறுமை இல்லை. ஒரு வகைப் புற்றுநோயின் அடையாளம் அது" என்றார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து மனத்தை விட்டு அது போகவில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், 1960களின் கடைசியில், பிறப்புறுப்பின் உட்பாதையில் புற்றுநோய் கண்ட சில பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த இடத்தில் அந்த நோய் வயதானவர்களுக்கே அபூர்வம். வந்தவர்களோ 15 வயதிலிருந்து 22 வயதுக்குள்ளிருந்த பெண்கள். சாயம் ஏற்றிப் பார்த்தபோது பெரும்பாலும் அந்தத் தெளிந்த செல்கள். ஓர் ஊரில் இத்தனை பேர் எப்படி என்று டாக்டர்கள் திகைத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய் ஒரு சந்தேகத்தைக் கேட்டாள்: இவளை வயிற்றில் சுமந்தபோது கரு தங்குவதற்காக எனக்கு ஒரு மருந்து கொடுத்தார்களே, அதனால் இருக்குமோ?

மைக்ராஸ்கோப் சொல்லாததை அந்தத் தாய் சொல்லிவிட்டாள்.

ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், போஸ்கான்ஸர் என்ற மூவர் 8 பெண்களின் தாய்மாரை விசாரித்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஈடாக, அதே ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய அதே நாளில் பிறந்த வேறு நான்கு பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய தாய்மாரையும் விசாரித்தார்கள். நோய் கண்ட எண்மரில் ஏழு பேருடைய தாய்மார் அந்த மருந்தைச் சாப்பிட்டிருந்தார்கள். மற்ற 32 பேரில் ஒருத்தியின் தாய்கூடச் சாப்பிடவில்லை. 1971 ஏப்ரலில் இது அச்சில் வந்தது. அந்த நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்களுக்கு எச்சரிக்கை செய்தது. பிரான்சில் 1977 வரை ஆயிற்று.

மருந்தின் பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால். 1938ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்தது. பெண்மைச் சுரப்பு நீர் செய்யும் வேலையைச் செய்கிற, மலிவான, வாயால் விழுங்கக்கூடிய பொருள். டாட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று ஆயிற்று, தயாரித்தார்கள். பாஸ்டனிலேயே ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்ற தம்பதி, கரு கலையும் பெண்களுக்குச் சுரப்பு நீர் குறைகிறது, இந்த மருந்து அதைச் சரிப்படுத்தும் என்று நம்பினார்கள். 1948ல் ஆலிவ் 632 கர்ப்பங்களின் விவரத்தை வெளியிட்டு நல்ல பலன் என்றார். 1957ல் ஒரு கம்பெனி, எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே இது நல்லது, குழந்தை பெரிதாகவும் வலுவாகவும் பிறக்கும் என்று விளம்பரம் செய்தது.

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். அதை வேறு பலர் நன்றாகச் செய்திருக்கிறார்கள். என்னை உறுத்துவது அந்தத் தம்பதியின் நல்ல மனசுதான். அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. கரு தங்காமல் அழுதுகொண்டு வந்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். அது குற்றமா?

என் பெரியம்மா பெண் ஒருத்திக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. மூன்றாம் தடவை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்கள்; துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "மருந்து ஒன்றும் வேண்டாம் அம்மா. கவலைப்படாமல் இருக்கட்டும். மாதம் ஒரு தரம் வந்து காட்டுங்கள்" என்றாள். பெரியம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்ததற்கு ஓர் ஊசிகூடப் போடவில்லையே, என்ன டாக்டர் இவள்!" என்று வழியெல்லாம் புலம்பினாள். மறுவாரம் வேறொரு டாக்டர். அவர் சீட்டு நிறைய மருந்து எழுதினார். பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. குழந்தையும் பிறந்தது. அவரைப்போல் உண்டா என்று நானும் பல வருஷம் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மருந்தால் பிறந்ததா, அது இல்லாமலே பிறந்திருக்குமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஸ்மித் தம்பதி செய்த பிழையும் ஏறக்குறைய இதுதான். மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை எண்ணினார்களே தவிர, சாப்பிடாதவர்களைப் பக்கத்தில் வைத்துச் சரியாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சிகாகோவில் டீக்மன் என்ற டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் ஏறக்குறைய 1,600 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 1953ல் முடிவு வந்தது: மருந்தால் ஒரு பயனும் இல்லை. 1978ல் அதே கணக்குகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், மருந்து சாப்பிட்டவர்களுக்கே கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதிகம் என்று கண்டார்கள். ஆனால் 1953க்குப் பிறகும் பதினெட்டு வருஷம் டாக்டர்கள் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். கையை விரிப்பதைவிடச் சீட்டு எழுதுவது சுலபமாயிற்றே!

அப்படியானால் சிகாகோக்காரர்களே தர்மவான்கள் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அங்கேதான் பேனா நின்றது. அந்தப் பெண்கள் பலருக்கு, தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அவர்களில் ஒருவர் பாட்ஸி மிங்க். 1951ல் கர்ப்பிணியாக அங்கே போனவர். 1964ல் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தாம் என்ன விழுங்கினோம் என்பது 1976ல்தான் அவருக்குத் தெரிந்தது. மகளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேறு இருவரோடு சேர்ந்து அவர் வழக்குத் தொடுத்தார். சொல்லாமல் ஒருவர் உடலுக்குள் மருந்தைச் செலுத்துவது அத்துமீறல் என்று வாதாட இடம் உண்டென்று 1978ல் கோர்ட்டார் கூறினார்கள்.

பாஸ்டன்காரர்கள் தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக் கொடுத்தார்கள். சிகாகோக்காரர்கள் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தங்களுக்குள்ளேதான் ஒப்புக்கொண்டார்கள். எதிரே வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், "அம்மா, இது உனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாது. கண்டுபிடிக்கப் போகிறோம். நீயும் சேருகிறாயா?" என்று கேட்டிருக்கலாம். சிலர் மறுத்திருப்பார்கள், சிலர் அழுதிருப்பார்கள். பெரியம்மாவைப் போன்றவர்கள் வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பார்கள். அதற்கெல்லாம் பயந்துதான் கேட்கவில்லையா, அல்லது அவளிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லையா? பின்னது என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவே எனக்கு அதிகக் கசப்பாகவும் இருக்கிறது. ஏனெனில் இருபது வருஷம் கழித்து, படித்தவர்களுக்குத் தோன்றாத சந்தேகம் அப்படிப்பட்ட ஒருத்திக்குத்தான் தோன்றிற்று.

மருந்துண்ட தாய்மாரின் பெண்களில் ஆயிரத்தில் ஒருத்திக்கே அந்தப் புற்றுநோய் வந்தது. ஆனால் இன்னும் பலருக்குக் கருப்பையே உருமாறி அமைந்திருந்தது. அவர்கள் வளர்ந்து கல்யாணமாகிக் கருவுற்றபோது, கரு கலைவதும் குறைமாதத்தில் பிறப்பதும் மற்றவர்களைவிட அதிகமாயிருந்தன. தாய் எதற்குப் பயந்து மாத்திரை விழுங்கினாளோ, அதுவே மகளுக்கு வந்து சேர்ந்தது. இப்படி ஒரு முடிவை நான் கதையில் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இவ்வளவையும் படித்த பிறகும் என் மனம் அந்த முதல் தாயிடமே போகிறது. அவளுடைய பெயரை நான் தேடவில்லை. அவள் கேட்ட கேள்வியால் எத்தனையோ பெண்கள் தப்பினார்கள். ஆனால் அதைக் கேட்பதற்கு அவள் முதலில் தன்னையே அல்லவா குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது! நான்தான் விழுங்கினேன், என் கையால்தான் விழுங்கினேன் என்று. ஒரு மாத்திரைகூடத் தவறவிடாமல், நாள் கணக்குப் பார்த்து விழுங்கியிருப்பாள். கேட்டு முடித்துவிட்டு அவள் திரும்ப வேண்டியது மகளின் கட்டிலுக்கு. மகள் கேட்டிருப்பாள், டாக்டரிடம் இவ்வளவு நேரம் என்ன பேசிக்கொண்டிருந்தாய் அம்மா, என்று.