கடைமடைக்கு வரும் நீர்

சீடன்: ஐயா, அலுவலகத்தில் மேலிடத்தின் மனமறிந்து நடப்பவன் உயர்கிறான், தலைநிமிராமல் உழைப்பவன் இருந்த இடத்திலேயே ஓய்வுபெறுகிறான். உள்ளரசியல் உழைப்பைத் தின்கிறது என்பதில் இன்னும் என்ன ஐயம்?

குரு: இரண்டை ஒன்றாக்கிவிட்டாய். அரசியல் மலிந்த சூழல் வேறு. அதில் நடந்துகொள்ளும் திறன் வேறு. ஏரிப்பாசனத்தை எண்ணிப் பார். முறைவைத்து நீர் விடும் ஊரில் உழவன் தன் முறை வரும்வரை களையெடுப்பான். முறை குலைந்த ஊரிலோ இரவெல்லாம் வாய்க்காலைக் காவல்காப்பான். வயலில் களை மண்டும். இங்கே தகுதியைவிட ஆள்பழக்கமே செல்லும் என்று ஊழியர் எண்ணத் தொடங்கிய அலுவலகத்தில் நேர்வதும் இதுவே. சாங், ரோசன், லெவி மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்த எண்ணம் வலுத்த இடங்களில் மன அழுத்தமும் வேலையை விடும் நினைப்பும் கூடியிருந்தன, செயல்திறன் குறைந்திருந்தது. அளக்கப்பட்டது ஊழியரின் எண்ணம் என்பதைக் கவனி. நீர் திருடுபோகிறது என்று நம்பினாலே போதும், உழவன் வயலை விட்டுக் கரைக்குப் போய்விடுவான்.

சீடன்: போட்டி சிலருக்கு ஊக்கம் தருமே?

குரு: தரலாம். அந்தச் சிலரை வைத்து ஊருக்கு விதி செய்ய முடியாது.

சீடன்: அந்தத் திறன் குற்றமற்றது என்றால், ஜெரால்ட் ஃபெரிஸ் குழுவினர் அதை அளக்க 2005-இல் வெளியிட்ட அளவுகோலில் 'நேர்மையாகத் தோன்றுதல்' ஒரு கூறாக இருப்பது ஏன்? நடிப்பும் திறமையா?

குரு: இது கேட்க வேண்டிய கேள்வி. அந்த அளவுகோலின் கூறுகள் 4: பிறரைப் படித்தறிதல், இணங்கவைத்தல், தொடர்பு வளர்த்தல், நீ சொன்ன அந்தத் தோற்றம். உள்ளத்து நேர்மையை எவராலும் எட்டிப் பார்க்க முடியாது. உடன் வேலை செய்பவர் வெளியே தெரிவதைக் கொண்டுதான் ஒருவரை நம்ப முடியும். பிற பிரிவின் ஒப்புதலின்றிக் கோப்பு நகராத வேலையில் அந்த நம்பிக்கையைப் பெறுவதும் வேலையின் பகுதியே. மடை திறக்கும் நீர்க்கட்டியிடம் தன் பயிரின் நிலையைப் புரியும்படி சொல்லத் தெரிந்த கடைமடை உழவன் திருடன் அல்லன். இத்திறனும் செயல்திறனும் சேர்ந்தே உயர்வதை 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் காட்டியது. ஆனால் உன் ஐயத்தின் கூர்மை இனிமேல்தான் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் செயல்திறனுக்கு மதிப்பெண் இடுபவர் மேலதிகாரி. அவரை இணங்கவைக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளவும் தெரியும். விளைச்சலை நீர்க்கட்டியே அளந்தால், அவருக்கு வேண்டியவன் களத்தில் நெல் மிகுதியாகத்தான் தெரியும். அமெரிக்காவில் ஃபிரெட் லூதன்ஸ் குழுவினர் 450-க்கும் மேற்பட்ட மேலாளர்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூல் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. விரைவாகப் பதவி உயர்ந்தவர்களின் செயல்களில் 48 விழுக்காடு தொடர்பு வளர்ப்பதாகவே இருந்தது. பிரிவின் வேலைத் தரத்தையும் அளவையும் கீழுள்ளோரின் மனநிறைவையும் பற்றையும் கொண்டு சிறந்தவர்களாக அறியப்பட்டோரிடம் அது 11 விழுக்காடுதான். தகவல் பரிமாற்றமே 44 விழுக்காட்டைப் பிடித்தது. ஆகவே திறனைப் பழிப்பதில் பயனில்லை. அளப்பவரை மாற்ற வேண்டும். ஒரு மேலாளருக்குப் பதவி உயர்வு தருமுன் அவர் பிரிவின் வேலையை எண்ணிப் பார்க்கட்டும். அந்த மேலாளரின் கீழ் இருப்பவர்களையும் கேட்கட்டும்.

சீடன்: அவர்களையும் அவன் வசப்படுத்திவிட்டால்?

குரு: மேலதிகாரி அவனைக் கூட்டத்தில் பார்க்கிறார், அவர்கள் நாள் முழுதும் பார்க்கிறார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் வசப்படுத்தி வைக்க, வேலையை நடத்திக் காட்டுவதைவிட எளிய வழி அவனுக்குக் கிடைக்காது.