அன்னங்கள் உரைத்த அறம்

பாரிசு நகரின் ஓபரா அரங்கில் பாலே ஆடும் நங்கையரை நாம் அன்னமென்கிறோம், அழகென்கிறோம். கால்விரல் நுனியில் உடலையே தாங்கி நிற்கும் அந்த உழைப்பை மட்டும் மறந்துவிடுகிறோம். பிள்ளைப் பருவத்திலேயே பயிற்சி. மூட்டு நோக முயற்சி. 42 வயதில் ஓய்வு! அவர்தம் ஓய்வூதிய முறை, 1698-இல், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் தோன்றியது.

2019-இல் அரசு அதில் கை வைத்தது. கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். டிசம்பர் 24 அன்று, குளிரில், அரங்கின் வாயிற்படியிலேயே 'அன்னப் பொய்கை' ஆடினர். அந்நாட்களில் அரசு நீட்டிய சமரசம் என்ன? இன்று பணியில் இருப்போருக்குத் தீங்கில்லை. 2022 முதல் சேர்வோருக்கே புதிய விதி என்பது! ஏற்றனரா? இல்லை, மறுத்தனர்.

சிலருக்கு மட்டும் சலுகையா என்று கேட்போர் உண்டு. உடலை உருக்கும் தொழிலில் ஓய்வு சலுகையன்று, உழைப்புக்குரிய கூலியின் பாக்கி! ஆயின், அவர்கள் தம் கூலிக்காக மட்டுமா நின்றனர்? தமக்கு வந்த கேடு விலகிய பின்னும், இன்னும் மேடையேறாத, முகமறியாத இளையோருக்காக அல்லவா நின்றனர்!

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். நமக்குப் பின் வருவோரை விற்று நாம் வாங்கும் வாழ்வு, வாழ்வாகுமா? தோழர்களே, எண்ணிப் பாருங்கள்!