சைரன் எதற்கு?

"நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். வயிற்றைப் பிசைவது உங்களுக்குத்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலோரம் யூரின் பை. ஆஸ்பத்திரி சென்னையில், வீடு நாகர்கோவில் பக்கம். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். ஆளைத் தூக்கி உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. இவரை எப்படி ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சேர்ப்பீர்கள். பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாமல், யார் காலிலும் விழாமல், நீங்களேதான் சேர்ப்பீர்கள்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இது அவசரம் இல்லை! அப்பா சுருண்டு விழுந்த அன்று யோசிக்க நேரமில்லை, கிடைத்த வண்டியில் ஏற்றினீர்கள். இன்று டாக்டரே போகலாம் என்கிறார். உங்கள் கையில் ஒரு முழு நாள் இருக்கிறது. வாய்திறந்து கேட்டால் இன்னொரு நாளும் கிடைக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் புரோக்கர் முதலில் பிடுங்கப் பார்ப்பது அந்த நாளைத்தான். "வண்டி ரெடியா நிக்குது சார், இப்ப விட்டா கிடைக்காது" என்பார். ஏன் கிடைக்காது? சென்னையில் ஆம்புலன்ஸுக்கா பஞ்சம்? கலங்கி நிற்கிறவரிடம் ஒரு விலை, கேள்வி கேட்கிறவரிடம் ஒரு விலை. இந்தத் தொழிலில் அது ஊரறிந்த விஷயம்.

108-ஐக் கூப்பிட்டால் என்ன என்று உறவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி விபத்துக்கு, பிரசவத்துக்கு, மாரடைப்புக்கு. அது உங்களுக்காக நாகர்கோவில் போய்த் திரும்பும் ஒன்றரை நாளில் இங்கே யாரோ ஒருவர் ரோட்டில் கிடப்பார். அதைக் கேட்காதீர்கள். உரிமை இருக்கிற இடம் வேறு நிறைய இருக்கிறது, அங்கே குரலை உயர்த்துங்கள்.

தன்னம்பிக்கை வகுப்புகளில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று பத்துத் தடவை சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிப் பாருங்கள், காசா பணமா. ஆனால் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரை நிறுத்தி நாலு கேள்வி கேட்டவருக்கு வருகிற தெம்பு அந்தக் கண்ணாடியில் கிடைக்காது. அப்பாவை உட்காரவைத்துக் கொண்டுபோகலாமா, படுத்தபடியேதானா? ஆக்சிஜன் வேண்டுமா, வேண்டுமென்றால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? நர்ஸ் கூட வந்தே ஆக வேண்டுமா? வழியில் எது நடந்தால் வீட்டை மறந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்ப வேண்டும்? பதில்களை அவர் கண்முன்னாலேயே எழுதுங்கள். எழுதுகிறவருக்குப் பதில் சொல்லும்போது டாக்டர்களும் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து வார்டு சிஸ்டர். டாக்டருக்குத் தெரியாத பல விஷயம் அவருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் நின்று பார்க்க, உங்கள் கையாலேயே ஒருமுறை குழாயில் ஊட்டுங்கள். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் போனது நுரையீரலுக்கு ஏறும். அதனால் கிளம்பும் நேரத்தில் வயிறு முட்ட ஊட்டாதீர்கள், குண்டு குழியில் வண்டி குலுங்கும். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அவசரத்தில் அதைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள், வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும். "அண்ணே, பையைக் கீழே விடுங்க" என்று சொல்ல உங்களுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். இன்னொன்று: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே இடத்தில் எடை அழுந்திக் கிடந்தால் முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப் புண் தொடங்கிவிடும். தொடங்குவதற்கு ஒரு பயணம் போதும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

இனி வண்டி. ஆம்புலன்ஸ் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஏஐஎஸ்-125 என்ற தரவரையறை இருக்கிறது. அதன்படி வண்டிகள் நான்கு வகை. முதலுதவிக்கு ஓடுவது, நோயாளியைக் கொண்டுபோவதற்கு மட்டுமானது, அடிப்படை உயிர்காப்புக் கருவிகள் உள்ளது, வென்டிலேட்டர் வரை எல்லாம் உள்ளது. மூச்சும் பிரஷரும் சீராக இருக்கிறவருக்கு நான்காவது வகையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதிவைத்திருக்கிறீர்களே, அதை நீட்டுங்கள்!

ஆக்சிஜன் தேவை என்றால் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். சின்ன சிலிண்டர், 'பி' டைப், சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120, ஆக பன்னிரண்டு மணி நேரம் வரும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் மணிக்கு 300, அதே சிலிண்டர் ஐந்து மணி நேரத்தில் காலி. நின்று நின்று போனால் நாகர்கோவிலுக்குப் பதினான்கு மணி நேரம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் கணக்கில் 4,200 லிட்டர், அதாவது மூன்று சிலிண்டர். வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நாலாவதையும் கேளுங்கள். பெரிய 'டி' டைப் என்றால் ஒன்றிலேயே 7,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. "அதெல்லாம் இருக்கும்மா" என்று டிரைவர் சொன்னால் சிலிண்டர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விலை பேசும்போது கூச்சம் வேண்டாம். கிலோமீட்டருக்கு எவ்வளவு, திரும்பிப் போகும் தூரத்துக்கும் சேர்த்தா, டோல் யாருடையது, பேட்டா எவ்வளவு, ஆக்சிஜனும் நர்ஸும் தனியா? எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும். மூன்று இடத்திலாவது விசாரியுங்கள். உங்கள் ஊர் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் போன் போடுங்கள். தெற்கிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து சென்னையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் தொகை கணிசமாகக் குறையும். ஒரு நாள் இருக்கிறது என்றேனே, அது இதற்கெல்லாம்தான்.

உட்காரக்கூடியவர் என்றால் ரயிலை மறக்காதீர்கள். 2020 மார்ச்சில் ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியது, மூத்த குடிமக்கள் சலுகையும் போனது. நோயாளிகளுக்கான சலுகை போகவில்லை. புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவை சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் போகிறவர்களுக்கும் 75 சதவீதம் உண்டு. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், அவ்வளவுதான். தெரியாததால் முழுக் காசு கொடுத்துப் போய்வருகிற குடும்பங்கள் எத்தனையோ! பக்கவாதம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் என்ன, கீழ் பெர்த்தும் ஸ்டேஷனில் வீல் சேரும் கேட்கலாம், 139-இல் விவரம் சொல்வார்கள். விமானம் என்றால் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். உங்கள் சிலிண்டரை உள்ளே விடமாட்டார்கள்.

பயமாக இருந்தால் காட்பாடி ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி.க்கு வருவதற்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே இறங்குகிறார்கள். கல்கத்தாவிலிருந்தே 1,600 கிலோமீட்டருக்கு மேல். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் ஃபைல், தோளில் மூட்டை, வீல் சேரில் நோயாளி. கேட்டுக் கேட்டே வந்து சேர்கிறார்கள், வைத்தியம் பார்த்துத் திரும்பியும் போகிறார்கள். உங்களுக்கு ஊரும் தெரியும், மொழியும் தெரியும்.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒருவரை விட்டுவிடுகிறோம். படுத்திருப்பவரை! எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எந்த வழி, எங்கே நிற்போம் என்று அப்பாவிடம் சொன்னீர்களா? வாய் குழறினாலும் காது கேட்கிறதே. அவர் முகம் விழுந்து கிடந்தால் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் கதையைச் சொல்லுங்கள். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன பொறியியல் மாணவர், உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். புனே ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டுத் தென்காசி பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1981-இல் அந்த ஆய்க்குடியிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு மையமாக வளர்ந்து நிற்கிறது அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். மாடி வீடா? நாலு பேர் வந்து நிற்கட்டும். ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று மாடிப்படி வளைவை இன்றே அளக்கச் சொல்லுங்கள். ஏர் பெட் வாங்கி ஊதித் தயாராக வைக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த் தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். நீங்கள் விழுப்புரம் தாண்டுவதற்குள் தம்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வரட்டும்.

கடைசியாக டிரைவர். இந்தப் பயணத்தில் மிகப் பெரிய ஆபத்து அப்பாவின் நோயில் இல்லை, ஸ்டியரிங்கில் இருக்கிறது. நேற்றிரவு முழுக்க மதுரையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் இன்றிரவு உங்களோடு கிளம்பக்கூடும். "கடைசியா எப்ப தூங்கினீங்க அண்ணே?" என்று நேராகக் கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் என்றால் இரண்டாவது டிரைவர் வேண்டும். அதற்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள், பேரம் பேசக்கூடாத ஒரே செலவு இதுதான். சைரன் வேண்டாம், எண்பதைத் தாண்ட வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் துவரங்குறிச்சி பக்கம் அவர் கண்ணைக் கசக்கினால், டீ வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள். வெளிச்சமான பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் தூங்கட்டும். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, பையைக் காலிசெய்து, காலை மெதுவாக நீட்டி மடக்கிவிட உங்களுக்கும் அந்த நேரம் வேண்டும்.